குட்டிப் பகல் உறை

டிசம்பர் 5

தங்கைக்கு,

நீ திருப்பி அனுப்பிய என் உறை நேற்று வந்து சேர்ந்தது. பதிவுத் தபால் என்பதால் கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

இந்த வருஷம் குட்டிப் பகலுக்கு வர லீவு இல்லை என்று போனில் சொன்னாய். டிப்போவில் டைம் கீப்பர் நாற்காலி காலியாக இருந்தால் பஸ்கள் எப்போது கிளம்புவது என்று தெரியாமல் விழிக்கும், ஒப்புக்கொள்கிறேன். நாலு வருஷமாகக் கிடைத்த லீவு இந்த வருஷம் மட்டும் ஏன் கிடைக்கவில்லை என்று நான் கேட்கப்போவதில்லை.

கேட்க வந்தது வேறு. உறையின் மூடியை யார் பிரித்தது?

என் பசையை நான் காய்ச்சுகிறேன். மைதா, தண்ணீர், பூச்சி வராமல் இருக்கத் துளி மயில்துத்தம். இருபத்தாறு வருஷமாகப் புத்தகம் தைத்து ஒட்டுகிறவளுக்கு அது காய்ந்தால் எப்படி இருக்கும் என்று தெரியும். பளபளக்காது, விரலால் தேய்த்தால் மாவு மாதிரி உதிரும். இந்த மூடியின் ஓரம் பளபளக்கிறது. இது பாட்டிலில் விற்கும் கோந்து. கோந்துக்கு அடியில் என் பழைய பசையின் தடம் இன்னும் இருக்கிறது.

நம் வழக்கத்தை நாம் இரண்டு பேரும்தான் உண்டாக்கினோம். அம்மா இறந்த வருஷம் டிசம்பரில், வருஷத்திலேயே பகல் குறைந்த நாளில், நீ என் வீட்டுக்கு வந்தாய். பொழுது சாய்ந்ததும் விளக்குப் போடாமல் எதிரெதிரே உட்கார்ந்தோம். கையிலிருக்கும் தாளின் கோடு கண்ணுக்குத் தெரியாமல் போகும்வரை வாய் திறக்கக் கூடாது. பிறகு ஒரே ஒரு விளக்கு. ஆளுக்கு ஒரு தாள். வாய்விட்டுச் சொல்ல முடியாத ஒரு தப்பு, வரும் வருஷத்தில் விட்டுவிடப்போகிற ஒரு விஷயம். உறையில் போட்டு ஒட்டி மாற்றிக்கொள்வோம். அவரவர் தாளை அவரவரே வைத்திருந்தால் நடுவில் பிரித்துத் திருத்திவிடுவோம் என்று சொன்னது நீதான். அடுத்த குட்டிப் பகலில் அதைத் திரும்ப வாங்கித் தனியாகப் படித்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்துக் கூழாக்கி, என் அழுத்துப் பலகையில் வைத்து அட்டையாக்குவோம். அந்த அட்டைதான் புது வருஷ டைரிக்கு மேலட்டை. இவ்வளவு செய்கிற இரண்டு பேருக்கு நடுவில் இருக்கும் ஒரே பாதுகாப்பு அந்த மூடிதான்.

உன் உறையையும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். நான் தொடவில்லை. வந்ததும் மூடியை நன்றாகப் பார்த்துக்கொள்.

போனில் கேட்டால் நீ சிரித்து மழுப்பிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நீயும் எழுது.

அக்கா

*

டிசம்பர் 9

பசைக்கார அக்காவுக்கு,

உன் கடிதத்தை டிப்போவில் வைத்துப் படித்தேன். பக்கத்தில் நின்ற கண்டக்டர், "என்ன மேடம், கோர்ட்டு நோட்டீஸா?" என்று கேட்டார். முகம் அப்படிப் போயிருந்ததாம். "அதைவிட மோசம். எங்க அக்கா எழுதியிருக்கா" என்றேன்.

நாலு தடவை போன் போட்டேன், நீ எடுக்கவில்லை. சரி, எழுதியே தொலைக்கிறேன். பத்து வருஷத்துக்குப் பிறகு இவ்வளவு நீளமாகப் பேனா பிடிக்கிறேன். எழுத்துக் கோணலாக இருந்தால் அதற்கும் ஒரு விசாரணை வைத்துவிடாதே.

உறை உறையாகத்தான் இருந்தது. நீ தந்தபடியே பரண் பெட்டியில் வைத்தேன், எடுத்தேன், அனுப்பினேன். எங்கள் ஊர் ஈரம் உனக்குத் தெரியும். துவைத்த துணி மூன்று நாள் காயாது. ஒரு வருஷம் அந்த ஈரத்தில் கிடந்தால் உன் மைதாவும் துத்தமும் பளபளத்துப் போகாதா? நீ என்ன இரும்பிலா பசை காய்ச்சினாய்?

லீவு விஷயமும் அப்படித்தான். மூன்று பேர் பார்க்கிற வேலையை இரண்டு பேர் பார்க்கிறோம். இன்னொருத்தி பிரசவத்துக்குப் போயிருக்கிறாள். குழந்தையிடம் போய், "எங்க அக்காவுக்குச் சந்தேகம் வரும், ஜனவரியில பொற" என்று சொல்ல முடியுமா?

என் உறை வந்தது. மூடியை நான் பார்க்கவே இல்லை, அப்படியே பெட்டியில் போட்டுவிட்டேன். நீ திறந்திருந்தாலும் எனக்கு ஒன்றும் இல்லை. அதில் மறைக்க வேண்டியது எதுவும் இல்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நாலு வருஷத்தில் நீ இப்படிப் பதறியதே இல்லை. மூடியைத் தேய்த்துப் பார்க்கிற அளவுக்கு அதில் அப்படி என்ன எழுதியிருக்கிறாய்? என்னைப் பற்றியா?

தங்கை

*

டிசம்பர் 13

தங்கைக்கு,

மைதா பசை ஈரத்தில் கிடந்தால் விட்டுப்போகும். பூஞ்சை பிடிக்கும். கோந்தாக மாறாது. இதை எங்கள் கடைக்குப் பாடநூலைத் தைக்கக் கொடுக்க வரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் சொன்னால்கூடச் சிரிப்பார்கள். ஒரு கேள்விக்கு நீ மூன்று பதில் சொன்னாய். பொய் சொல்லும்போது நீ எப்போதுமே அதிகம் பேசுவாய்.

என்ன எழுதியிருக்கிறேன் என்று கேட்டாய். படிக்காதவள் கேட்கிற கேள்வி மாதிரியும் இருக்கிறது. படித்துவிட்டு, நானே சொல்கிறேனா என்று பார்க்கிறவள் கேட்கிற கேள்வி மாதிரியும் இருக்கிறது.

இந்த வருஷத்தை நான் முழுக்கத் திருப்பிப் பார்த்தேன். மார்ச்சில் எனக்குக் காய்ச்சல் என்றதும் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாய். ஆறு மணி நேரப் பஸ். முன்பெல்லாம், "மாத்திரை போட்டுக்கோ" என்று போனில் சொல்வதோடு சரி. ஆகஸ்டில் சால்வை வந்தது. என்ன விசேஷம் என்று கேட்டதற்கு, "சும்மாதான்க்கா" என்றாய். நீ சும்மா எனக்கு ஒரு குண்டூசிகூட வாங்கித் தந்தவள் இல்லை.

எல்லாவற்றையும்விட ஒன்று. அம்மா விஷயம். மூன்று வருஷமாக நமக்குள் எந்தச் சண்டை வந்தாலும், அது கத்தரிக்கோலைப் பற்றியதாக இருந்தாலும், நீ கடைசியில் வந்து நிற்கிற இடம் ஒன்றுதான். "எங்கிட்ட ஏன் முன்னாடியே சொல்லல?" இந்த வருஷம் நீ அதை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. மே மாதம் அவ்வளவு பெரிய வாக்குவாதம் வந்தது, வாய்வரை வந்ததை நீ விழுங்கியதை நான் பார்த்தேன்.

ஒரு பதில் கிடைத்துவிட்டவர்கள்தான் கேள்வியை நிறுத்துவார்கள். உனக்கு எங்கிருந்து கிடைத்தது?

அக்கா

*

டிசம்பர் 17

அக்காவுக்கு,

சரி. பிடித்துவிட்டாய். போதுமா?

ஜூலையில் பரணுக்கு மேல் போகும் தண்ணீர்க் குழாய் வெடித்தது. நான் டிப்போவில். வீட்டில் இவர் மட்டும், யாருடைய மிக்சியையோ பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெட்டி முழுக்கத் தண்ணீர். உன் உறை ஊறி, மூடி தானாகவே விட்டுப்போய்விட்டது. என் பள்ளிச் சான்றிதழெல்லாம் நாசமாகிக்கொண்டிருக்கும்போது இந்த மனுஷர் முதலில் காப்பாற்றியது உன் உறையைத்தான். தாளை வெளியில் எடுத்து, மேலே ஒரு துண்டு போட்டு மூடி, துண்டுக்கு மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்துக் காயவைத்திருக்கிறார். "துண்டு எதுக்கு?" என்று கேட்டேன். "ஒரு எழுத்து கண்ணுல பட்டாலும் உங்க அக்கா என் முகத்தைப் பாத்தே கண்டுபிடிச்சிடுவாங்க" என்றார். உன்மேல் அவருக்கு அவ்வளவு பக்தி.

நான் வீட்டுக்கு வந்தபோது தாள் மடித்து உறைக்குள் போய்விட்டது. மூடியைக் கோந்து வைத்து ஒட்டியது நான். என் கை பட்டது அவ்வளவுதான். நான் படிக்கவில்லை. அவரும் படிக்கவில்லை.

முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்ப மாட்டாய் என்று பயந்தேன். பயந்து பொய் சொன்னேன், இப்போது உண்மையையும் நம்ப மாட்டாய். புத்திசாலித்தனத்தில் என்னை மிஞ்ச ஆள் இல்லை.

அம்மா விஷயத்தைக் கேட்பதை நிறுத்தியதற்குக் காரணம் இருக்கிறது. அது உன் உறையில் இல்லை. இப்போது நீ இருக்கிற நிலையில் அதைச் சொல்ல எனக்கு இஷ்டம் இல்லை.

காய்ச்சலுக்கு வந்தது ஒரு குற்றமா அக்கா? சால்வை ஒரு தடயமா? உனக்குப் பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பு, நான் போர்த்திக்கொள்கிறேன். இங்கேயும் குளிர்தான்.

தங்கை

*

டிசம்பர் 21

தங்கைக்கு,

இன்று குட்டிப் பகல். கடையை மூன்று மணிக்கே மூடினேன். தனியாகவே உட்கார்ந்தேன். எதிர் நாற்காலியை அதன் இடத்திலேயே விட்டிருந்தேன். தாளின் கோடு மறைகிறவரை பேசாமல் இருப்பது இந்தத் தடவை கஷ்டமாக இல்லை, பேச ஆள் இல்லையே. விளக்குப் போட்டேன். உறையைப் பிரித்தேன்.

மை கொஞ்சம் பரவியிருக்கிறது. தண்ணீர் பட்டது உண்மைதான். ஆனால் எழுத்து உள்பக்கம் போகிற மாதிரி மடித்து, மடிப்பின்மேல் கரண்டியின் முதுகால் ஒரு இழுப்பு இழுப்பது என் கைப்பழக்கம். இது எழுத்து வெளியே தெரிகிற மாதிரி மடிக்கப்பட்டிருக்கிறது. உறைக்குள் போடும்போது முதல் நாலு வரி மேலே நிற்கும். அந்த நாலு வரியில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் ஒன்றுமே நடக்கவில்லை என்றாய், பிறகு குழாய் என்றாய், துண்டு என்றாய். மூன்றாவதாக ஒன்று வருவதற்கு முன் நானே முடித்துவைக்கிறேன். நீ படித்துவிட்டாய். ஐந்து மாதமாகத் தெரிந்துகொண்டே சால்வை அனுப்பி, என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறாய். அந்தச் சிரிப்பை என்னால் தாங்க முடியவில்லை.

தாளில் இருப்பதையே எழுதுகிறேன். முதல் மூன்று வருஷமும் சுற்றி வளைத்துத்தான் எழுதினேன், சென்ற டிசம்பரில்தான் உள்ளதை எழுதினேன்.

அம்மா திடீரென்று போகவில்லை. செவ்வாய்க்கிழமை காலையிலேயே ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பாக்க வேண்டியவங்களை வரச் சொல்லிடுங்க" என்றார். அம்மாவும் உன்னைக் கேட்டாள். அன்றும் கேட்டாள், புதன்கிழமையும் கேட்டாள். போன் என் மடியில்தான் இருந்தது. நான் கூப்பிடவில்லை. வியாழக்கிழமை காலை எல்லாம் முடிந்த பிறகு கூப்பிட்டு, "திடீர்னு ஆயிடுச்சு" என்றேன்.

ஒன்பது வருஷம் நான் பார்த்துக்கொண்டேன். குளிப்பாட்டினேன், நகம் வெட்டினேன். நீ வருஷத்துக்கு இரண்டு தடவை வருவாய், அம்மாவின் முகம் மலர்ந்துவிடும். எனக்காக அது ஒரு நாளும் அப்படி மலர்ந்ததில்லை. நான் மட்டும் போதும் என்று ஒரு தடவையாவது அவள் இருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். இரண்டு நாள்தானே என்று நினைத்தேன். அது கடைசி இரண்டு நாள் என்று தெரிந்தேதான் நினைத்தேன்.

இதை ஏன் உன்னிடமே கொடுத்துவைத்தேன் என்று கேட்பாய். உன் வீட்டில், உன் கைக்கெட்டும் இடத்தில் அது இருக்கட்டும் என்று பாதி மனசு. நீ பிரிக்க மாட்டாய் என்று மீதி மனசு.

தாளை இன்னும் ஊறப்போடவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று நீ சொல்.

அக்கா

*

டிசம்பர் 27

நான் படிக்கவில்லை.

உன் கடிதம் வந்த அன்று டைம் ஆபீஸ் ஜன்னலில் உட்கார்ந்து படித்தேன். 9.40 வண்டிக்கு நான் விசில் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை. டிரைவர் ஹாரன் அடித்தார், உள்ளே இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். கடைசியில் கண்டக்டர் என் கையிலிருந்து விசிலை வாங்கி ஊதினார். அது உன் ஊருக்கு வருகிற வண்டி. இங்கிருந்து அரை மணிக்கு ஒன்று கிளம்புகிறது. அந்தச் செவ்வாய்க்கிழமையும் கிளம்பியது, நான்தான் அத்தனையையும் அனுப்பிவைத்தேன். பதினாறு, பதினேழு வண்டி இருக்கும். புதன்கிழமையும் அதே கணக்கு.

இவரிடம் கேட்டேன். "மடிப்பு உள்பக்கமா வெளிப்பக்கமான்னு யாரு பாத்தா? சூடா இருந்துச்சு, மடிச்சு உள்ள வெச்சேன்" என்றார். மூன்றாவது கதை எதுவும் இல்லை அக்கா. இரண்டாவதுதான் உண்மை. எனக்கு எதுவும் தெரியாது. நீ சொல்லித்தான் தெரிந்தது.

அம்மா விஷயத்தைக் கேட்பதை ஏன் நிறுத்தினேன் என்று இப்போது சொல்கிறேன். சென்ற டிசம்பரில் உன் எதிரில் உட்கார்ந்து என் தாளில் நான் எழுதியது இதுதான்: "அம்மாவைப் பற்றி அக்காவிடம் கேட்டுக் கேட்டு அவளைக் கொல்கிறேன். அது என் தப்பு. இனி கேட்க மாட்டேன். அவள் சொன்னதை நம்பிவிடுவேன்." அதைத்தான் இந்த வருஷம் முழுக்கச் செய்தேன். மே மாதம் வாய்வரை வந்ததை விழுங்கினேன் என்றாயே, அதற்காகத்தான். காய்ச்சலுக்கு வந்தது, சால்வை, எல்லாம் அதற்காகத்தான். மார்ச்சும் மேயும் ஜூலையில் குழாய் வெடிப்பதற்கு முன்பு என்பதைக்கூட நீ யோசிக்கவில்லை. இவ்வளவு நாள் உன்னை அநியாயமாகச் சந்தேகப்பட்டோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

வெட்கப்பட்டேன். உன்னிடம். நான்.

மன்னிப்பு என்ற வார்த்தை உன் கடிதத்தில் இல்லை, அதுவும் நல்லதுதான். கேட்டிருந்தால் என்னிடம் இல்லை. இப்போது உன் குரலைக் கேட்கவும் எனக்குத் தெம்பு இல்லை. போன் பண்ணாதே.

ஒன்று மட்டும் செய். அந்த இரண்டு நாளும் அம்மா என்ன பேசினாள் என்று எழுது. ஒரு வார்த்தை விடாமல். அழகுபடுத்தாதே, எனக்கு வலிக்கும் என்று குறைக்காதே, உனக்கு வலிக்கும் என்றும் குறைக்காதே. அந்த இரண்டு நாள் என்னுடையது. திருப்பிக் கொடு.

*

ஜனவரி 2

தங்கைக்கு,

எழுதுகிறேன்.

செவ்வாய் காலை கண் விழித்ததும், "சின்னவ வந்துட்டாளா?" என்று கேட்டாள். "அவளுக்கு லீவு கெடைக்கலையாம், அம்மா" என்றேன். மத்தியானம், "நான் இங்க இருக்கேன்னு அவளுக்குத் தெரியுமா?" என்றாள். "தெரியும்மா" என்றேன். நான் செய்ததிலேயே மோசமானது இதுதான். தெரிந்தும் நீ வரவில்லை என்று அவளை நினைக்கவைத்தேன். ஆனால் அவள் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை. "பஸ்ஸு லேட்டா இருக்கும்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஊருக்கெல்லாம் நேரம் சொல்றவ, அவளுக்கே லேட்டு பாரேன்" என்று சிரித்தாள். இருமல் வந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தேன்.

மாலையில் பக்கத்துப் படுக்கைக்காரம்மா எத்தனை பிள்ளைகள் என்று கேட்டதற்கு, "ரெண்டு பொண்ணு. ஒருத்தி புத்தகம் தைக்கிறா, ஒருத்தி பஸ்ஸை ஓட விடுறா" என்றாள். நம்மைப் பற்றி இவ்வளவு சரியாக யாரும் சொன்னதில்லை.

புதன் காலை தலையைப் பின்னிவிடச் சொன்னாள். "இப்படியே பாத்தா சின்னவ உன்னைத்தான் திட்டுவா" என்றாள். பின்னிவிட்டேன். பத்து மணிக்கு ஒரு தடவை, பதினொன்றரைக்கு ஒரு தடவை, "வந்தாளா?" மத்தியானம் கேட்கவில்லை. கண்ணை மூடியே இருந்தாள். அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. போனை எடுத்து உன் நம்பரைப் போட வெளி வராந்தாவுக்குப் போனேன். சத்தியமாகப் போனேன். அதற்குள் உள்ளேயிருந்து பக்கத்துப் படுக்கைக்காரம்மா என்னைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது.

இனி எழுதப்போவது அந்தத் தாளிலும் இல்லை. அதில்கூட எழுத முடியவில்லை.

மணி நாலு இருக்கும், பார்வையாளர் நேரம். வார்டில் ஒரே கூட்டம், சத்தம். நான் ஓடி வந்து கட்டில் பக்கம் நின்றேன். அம்மா கண்ணைத் திறந்தாள். பார்வை சரியாக நிற்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "வந்துட்டியா? எப்ப கெளம்புன?" என்றாள். முகம் மலர்ந்துவிட்டது. நான் எப்போதும் பார்த்துப் பொறாமைப்பட்ட அதே மலர்ச்சி. முதல் தடவையாக என்னைப் பார்த்து.

"காலையிலயே கெளம்பிட்டேம்மா" என்றேன்.

"அக்கா எங்க?"

"டீ வாங்கப் போயிருக்கா."

"அவ வர்றதுக்குள்ள ஒண்ணு சொல்றேன், அவகிட்ட சொல்லிடாத. பாவம், ராப்பகலா நிக்கிறா. ஒரு கொறையும் வெக்கல. ஆனா அந்தப் பசையிலயே கெடந்து கெடந்து அவ கை எப்பவும் ஜில்லுன்னு இருக்கும். தொட்டா எனக்கு ஒடம்பெல்லாம் நடுங்கும். சொன்னா வருத்தப்படுவான்னு இத்தனை வருஷமா சொன்னதே இல்ல." பிறகு என் கையை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். "உன் கை பாரு, எவ்ளோ சூடா இருக்கு."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. கையை விடவும் இல்லை. அப்படியே தூங்கிவிட்டாள். மறுபடி வராந்தாவுக்குப் போயிருக்கலாம். அப்போது கூப்பிட்டிருந்தாலும் நீ ராத்திரிக்குள் வந்திருப்பாய். வந்து உன் நிஜக் கையை வைத்தால் இது என்னுடையது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அதனால் கூப்பிடவில்லை. காலை ஆறு மணிக்கு நர்ஸ் வந்துதான் அந்த விரல்களைப் பிரித்தாள்.

ஒரு வார்த்தையும் விடவில்லை. குறைக்கவும் இல்லை. அம்மா கடைசியாகச் சூடு என்று சொன்னது உன் கையை. பிடித்திருந்தது என் கையை. இதில் எது உனக்கு, எது எனக்கு என்று எனக்குத் தெரியவில்லை. நீயே எடுத்துக்கொண்டு மிச்சத்தை எனக்கு விடு.

அக்கா